ராத்திரிக்கு மூன்று பனியன்

எலசோனா, கிரீஸ், 2 ஜூலை 1994

அன்பு மகள் ஃபோதினிக்கு,

நானும் அம்மாவும் நலம். இந்த முறை பொய்யில்லாமல் எழுதுகிறேன். ஸ்டுட்கார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் ரத்தம் சோதித்துக்கொள் என்றேன், ஏன் என்று கேட்டாய், லைன் அறுந்தது. அறுந்ததல்ல, நான்தான் வைத்துவிட்டேன். எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

மே கடைசியிலிருந்து எனக்குத் தூக்கத்தில் ஒரே வியர்வை. ராத்திரிக்கு மூன்று பனியன் மாற்றினேன். எனக்கு நின்ன சமாச்சாரம் உங்களுக்கு ஆரம்பிச்சிருக்கு போல என்று அம்மா சிரித்தாள். பிறகு கம்பளியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள், அதற்குப் பிறகு சாராயப் புட்டியை ஒளித்தாள். வியர்வை நிற்கவில்லை, இடுப்பும் வலித்தது, பசியும் போனது. உன் பெரியப்பாவுக்கு வந்த புற்றுநோய் இப்படித்தான் நனைந்த சட்டையில் தொடங்கியது, உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் கல்யாணக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன், சவப்பெட்டியில் படுக்கப் பொருந்துமா என்று. தொளதொளவென்று இருந்தது. அம்மா பார்த்துவிட்டாள். மறுநாள் காலையில் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

டாக்டர் உன் வயதுப் பெண். இருமல் இருக்கா, சர்க்கரை இருக்கா, தைராய்டு பார்த்தீங்களா, புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா என்று அடுக்கினாள். கழுத்திலும் அக்குளிலும் கட்டி தேடினாள், நான் மூச்சே விடவில்லை. கட்டி இல்லை. கடைசியில், காய்ச்சாத பாலில் செய்த பாலாடைக்கட்டி தின்றீர்களா என்றாள். அம்மா முகம் வெளுத்தது. உன் மாமா த்ராசோஸ் ஈஸ்டருக்குக் கொண்டுவந்தானே, அதுதான். ரத்தத்தில் ஆட்டுக் காய்ச்சல் கிருமி தெரிந்தது. ஆறு வாரம் மாத்திரை, அதனால் சிறுநீர் ஆரஞ்சுச் சாறு மாதிரி போகிறது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டப் போய் அடி வாங்க இருந்தேன். இந்த வாரம் பனியன் ஒன்றே போதும்.

மாமாவின் ஆடுகளைச் சோதித்ததில் ஒன்பதுக்கு அதே கிருமி, அவற்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. எங்களோடு பேசாமல் இருந்தான். நேற்று ஒரு தூக்குப் பாலோடு வந்து நின்றான். மிச்ச ஆடுங்க சுத்தம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க, ஆனாலும் மூணு தடவை பொங்க விட்டேன் அத்தான், பயப்படாம குடிங்க என்றான். முழுவதையும் குடித்தேன்.

ஈஸ்டருக்கு ஊருக்கு வந்திருந்தபோது அந்தப் பாலாடைக்கட்டியை என்னைவிட அதிகம் தின்றவள் நீ. அதனால்தான் அந்தப் போன். நோயின் பெயரை டாக்டர் சீட்டில் எழுதித் தந்தாள், உள்ளே வைத்திருக்கிறேன், அங்கே காட்டு. நாளைக்கே போ, வேலை இருக்கிறது என்று சொல்லாதே. கடவுளும் மாதாவும் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
அர்கிரிஸ்