குளவிகள் வராத மூன்று நாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் தேவலையா? மாடிப்படி ஏறவில்லை என்று அம்மாவிடம் பொய் சொல்லாதீர்கள்.

இங்கே ஒரு கூத்து. புழு கடித்த இலை ஒரு வாசனையை விடும். அதை மோந்து குளவி வந்து புழுவைப் பிடிக்கும். எத்தனை குளவி வரும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் என் வேலை. பத்தில் எட்டு வரும் என்றது என் சமன்பாடு. கூண்டருகே உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுகூட வரவில்லை. மூன்று நாள் சமன்பாட்டைக் குடைந்தேன். கடைசியில் குளவிக் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுளித்தார்.

"கணக்குல தப்பில்லம்மா, உன் நெத்தியிலதான் தப்பு. தினமும் தைலம் தடவிக்கிட்டு வந்தா குளவிக்கு இலை வாசனை எப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மறுநாள் தைலம் தடவாமல் போனதும் எட்டுக் குளவிகள் வந்துவிட்டன.

தலைவலியோ என்று பயப்படாதீர்கள். பள்ளி நாட்களில் நான் வீட்டுப்பாடக் கணக்கு முடிக்கும்வரை, முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பீர்களே, அந்த வாசனைக்காகத்தான்.

புட்டி தீர்ந்துவிட்டது. அதே பச்சை மூடித் தைலம் ஒன்று அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தடவிக்கொள்கிறேன். அன்று குளவிகளுக்கும் லீவு.

கூண்டு திறக்க நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்

பி.கு.: கடையில் புதிதாக வாங்க வேண்டாம். நீங்கள் பாதி தீர்த்தது போதும்.