நிச்சயம் என்று எழுதிவிட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறாய்? நான் சௌக்கியம்.

இந்த முதியோர் இல்லத்திலிருந்து உறவினர்களுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. எதையும் 'மே பாஸிப்ளி' என்று 'ஒருவேளை'யோடு நிறுத்த வேண்டும். 'வில் டெஃபனட்லி' என்று அடித்துச் சொல்லக் கூடாது. போன வாரம் ஏழாம் அறைப் பெரியவரின் மகளுக்கு, அவள் மனம் நோகக் கூடாதே என்று, அப்பா நிச்சயம் நடப்பார் என்று எழுதிவிட்டேன். நேற்று அவள் புதுச் செருப்போடு வந்தாள்.

"ஒரு சைஸ் பெருசாவே வாங்கிட்டேன்க்கா. நடந்தா கால் வீங்குமில்ல?"

பெரியவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை. செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமை நர்ஸ்தான் கேட்டார்.

"எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சீங்களே, 'ஒருவேளை'ன்னு ஒரு வார்த்தையை மட்டும் சொல்லித் தரலையா?"

கூனிக் குறுகி நின்றேன். பயப்படாதே, வேலை போகவில்லை.

உனக்கும் அப்படித்தான் எழுதினேன் அம்மா, அடுத்த மாதம் நிச்சயம் வருகிறேன் என்று. லீவு கிடையாது என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். எனக்காக மெத்தையை வெயிலில் போடாதே. வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்ன கம்பளிச் சட்டையைத் தபாலில் அனுப்பிவிடு.

மணி அடிக்கிறது, ஓடுகிறேன்.

உன் மூத்தவள்