எக்ஸ்ரேயில் தெரிந்த அரிவாள்

நெய்வேலி, 9-வது வட்டம்
18-3-1984, ஞாயிறு

அன்பு மகள் விஜயகுமாரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நலம். இந்தத் தடவை நலம் என்கிற அந்தச் சொல்லை டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌகரியமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி.

இம்மாதம் இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நம் வீட்டில் இனி அரிவாள்மனை புழங்குவதில்லை என்று உன் அம்மா முடிவெடுத்து, அதைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினாள். அறுபத்தெட்டில் ரேடியோ வாங்கிய பிறகு இவ்வளவு பெரிய கொள்கை முடிவு நம் வீட்டில் எடுக்கப்பட்டதில்லை. பூசணிக்காயைப் பேனாக்கத்தியால் நறுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. காரணம் கேட்டதற்கு, புள்ள நெஞ்சுல ஒண்ணு இருக்கிறது போதாதா, அடுப்படியில வேற இருக்கணுமா என்றாள்.

விஷயம் என்னவென்றால், சிங்காரவேல் பெர்மனன்ட் ஆவதற்கு மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அந்த மெடிக்கலில் எடுத்த எக்ஸ்ரேயில் இதயத்துக்கு வலப்பக்கம் அரிவாள் போல வளைந்து ஒரு நிழல் விழுந்திருந்தது. டாக்டர் சக்கரபாணி என்னைக் கூப்பிட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரலில் சுத்தமான ரத்தம் இதயத்தின் இடப்பக்கம் போய்ச் சேர வேண்டுமாம். லட்சத்தில் ஓரிருவருக்குக் கருவிலேயே வலது நுரையீரலின் குழாய் வழிமாறிக் கீழே இறங்கி, வயிற்றிலிருந்து அழுக்கு ரத்தம் கொண்டுவருகிற பெரிய குழாயில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். அந்தக் குழாய்தான் அரிவாளாகத் தெரிகிறதாம். நான் விழித்ததைப் பார்த்து, சார், உங்க மைன்ஸ்ல இறைச்சு வெளிய விட்ட தண்ணியே திரும்ப உள்ள ஊறி வந்தா பம்பு என்னாகும், அதே தண்ணிய ரெண்டு தரம் இறைக்கும், கொஞ்ச வருஷத்துல வீங்கிப் படுத்துரும், இதயமும் அதேதான் என்றார். இப்போது சரிசெய்துவிடலாம், தள்ளிப்போட்டு நுரையீரல் குழாய்கள் தடித்துவிட்டால் அப்புறம் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், மதராசுக்கு எழுதுகிறேன் என்றார். விஜி, இருபத்தொரு வருடமாகக் கடிதங்களுக்குக் குறிப்பு எழுதிப் பழகிய கை, அன்று ஆஸ்பத்திரிச் சீட்டில் கையெழுத்துப் போடும்போது என் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டது.

சாயங்காலத்துக்குள் வட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது. செங்கொடிச் சங்கத்துத் தனகோட்டி வீடு தேடி வந்து, அண்ணே, நம்ம பய அருவாளோடயே பொறந்திருக்கான், சுத்தியல் ஒண்ணுதான் பாக்கி என்று என் தோளைத் தட்டினார். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். எதிர்ச் சங்கத்துக்காரர்கள் அப்படிப்பட்டவனை நிரந்தரமாக்குவது பற்றி நிர்வாகம் யோசிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி.

அம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்ட வேண்டும் என்றாள். அங்கே குறையை மனுவாக எழுதிச் சுவாமி முன்னால் கட்டுவது வழக்கம் என்று உனக்குத் தெரியும். நானே எழுதிக் கொடுத்தேன். பெயர், தகப்பன் பெயர், குவார்ட்டர்ஸ் நம்பர், மேற்படி சிங்காரவேலின் நெஞ்சிலுள்ள அரிவாளை அப்புறப்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு கமலா. அதைக் கட்டிய நான்காம் நாள் டாக்டர், பையனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் குழாய் வைத்துக் கேட்டால் கோளாறான சத்தம் ஒன்றும் இல்லையே என்று சந்தேகப்பட்டு, தானே பக்கத்தில் நின்று இன்னொரு படம் எடுத்தார். அரிவாள் இல்லை. நான் எழுதிய எந்த மனுவும் இத்தனை சீக்கிரம் பைசலானதில்லை. மேல்பக்கம் மிளகு அளவு பழைய தழும்பு ஒன்று மட்டும் இருந்தது, அது ஆறிப்போனது, வேலைக்குத் தடையில்லை என்றார் டாக்டர். அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். உன் தம்பி சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே சொன்னான். ஏழு வயதில் அவனுக்குப் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று குழந்தைக் காசம் வந்து நீதானே கைபிடித்து ஊசிக்கு அழைத்துப் போவாய், அந்தத் தழும்பு படத்தில் விழுந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, முதல் எக்ஸ்ரேக்குத் தன் சீட்டைக் கொடுத்து ராயப்பனை அனுப்பியிருக்கிறான். பக்கத்து ஊர் வடக்குத்து ராயப்பன், கன்வேயருக்கு அடியில் சிந்திய கரியை அள்ளுகிற காண்ட்ராக்ட் வேலைக்காரன், இவன் கூட்டாளி. அது மூட்டை தூக்குற நெஞ்சுப்பா, என் நெஞ்ச விட நல்ல நெஞ்சுன்னு நெனச்சேன் என்றான். கொளஞ்சியப்பர் ஒன்றும் அப்புறப்படுத்தவில்லை விஜி, அரிவாள் வடக்குத்தில் இருந்தது.

அடுத்த இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. முதல் படத்தில் ஏதோ கோளாறு என்று டாக்டர் எழுதிவிட்டால் உன் தம்பிக்கு வேலை உறுதி. உண்மையைச் சொன்னால் ஆள் மாறாட்டம், இந்த ஜன்மத்துக்கு உள்ளே விட மாட்டார்கள். அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் ஆபீஸ் போகும்போது ராயப்பன் ஆர்ச் கேட் பக்கம் சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்து நின்றிருந்தான். என்னப்பா என்றால், ஒண்ணுமில்லீங்க சார், ரெண்டு வருசமா இப்படித்தான் மூச்சு வாங்கிகினு இருக்குது, கரித்தூசிதானேன்னு வுட்டுட்டேன் என்று சிரித்தான். உதடு நாவல்பழம் தின்றது போல் இருந்தது. நான் ஆபீசுக்குப் போகவில்லை, அவனை அங்கேயே ஒரு வண்டியில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோய், படம் இவனுடையது என்றேன். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

அவன் அம்மா செல்லக்கிளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். எம் புள்ள நெஞ்சுல அருவாளா, எவ வச்சா சொல்லுங்க, வூட்டுக்கே போயி கேக்குறேன் என்று கிளம்பிவிட்டாள். யாரும் வைக்கவில்லை, பிறக்கும்போதே இருந்தது என்று புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்ப எங்கிட்டருந்துதான் வந்துச்சா என்று கேட்டாள்.

படத்தின் மேலுள்ள பெயரை மாற்றினால்தான் மதராஸ் ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வார்கள், பெயரை மாற்ற வேண்டுமானால் நடந்ததை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று ஆபீசில் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். தவறு முழுவதும் என் மகனுடையது, ராயப்பன் சிநேகிதத்துக்காகச் செய்தது, அவன்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று தனியாக ஒரு பாரா சேர்த்தேன். அதிகாரி படித்துவிட்டு, சார், அவன் நம்ம ஆளே இல்லியே, காண்ட்ராக்ட் ஆள், அவன் மேல நாங்க என்ன நடவடிக்கை எடுக்க முடியும் என்றார். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. சிங்காரவேலைக் கடுமையாக எச்சரித்து, என் சர்வீசை உத்தேசித்து ஆறு மாதம் கழித்து மறுபடி மெடிக்கலுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

வருகிற வியாழக்கிழமை ராயப்பனுக்கு மதராசில் படுக்கை கிடைத்திருக்கிறது. இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்த்து, பிறகு ஆபரேஷன். சிங்காரவேல் கூடப் போகிறான், ரத்தம் இரண்டு பேருக்கும் ஒரே குரூப். டாக்டர் பிழைப்பான் என்கிறார், ஆனால் அவர் அதைச் சொல்லும்போது மேஜையைப் பார்த்துச் சொன்னார். நீ அங்கே விளக்கேற்றும்போது அவன் பெயரையும் சேர்த்துக்கொள்.

குழந்தைக்கு அடுத்த ஊசி போடும்போது நெஞ்சில் ஒரு தரம் குழாய் வைத்துப் பார்க்கச் சொல், பால் குடிக்கையில் மூச்சு வாங்கினால் சளி என்று நீயே முடிவு செய்துவிடாதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. எல்லோரும் நீண்ட ஆயுளோடு குறைவின்றி இருக்க ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சோமசுந்தரம்

பி.கு. திங்கள் காலை, தபாலில் போடுமுன் எழுதுவது. ராயப்பனுடைய கேட் பாஸைக் காண்ட்ராக்டர் இன்று வாங்கிக்கொண்டார். அவன் இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று.