அறுபது கன மீட்டர் மண்

என் நித்யா அப்பாவுக்கு,

மண்ணுக்குள் சௌகரியமாக இருக்கிறீர்களா? நான் உங்கள் மேல் உள்ள கோபத்தோடு நன்றாகவே இருக்கிறேன். ஊர் முழுக்க உங்களை நல்லவர் என்கிறது. நல்லவர்தான், யார் இல்லை என்றது? அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்காத நல்லவர்.

ஒரகடம் கம்பெனி ஸ்டோரில் உங்களைப் போல் கன்டெய்னர் ஏற்ற ஆள் கிடையாது. அட்டைப்பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி இத்தனை கன மீட்டர் என்று சொன்னால் சொன்னதுதான், உள்ளே கை நுழைய இடம் இருக்காது. அந்தத் திமிரோடுதான் பிள்ளைப்பாக்கத்தில் நம் பள்ள மனையையும் அளந்தீர்கள். பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். அறுபது கன மீட்டர் மண் என்று லாரிக்குச் சொன்னீர்கள்.

கொட்டி முடித்ததும் மனை ரோட்டு மட்டத்துக்கு வந்தது. நான் அப்போதே சொன்னேன்.

"இன்னாங்க, டப்பால மாவு கொட்டி ரெண்டு தட்டு தட்னா எறங்குதுல்ல? மண்ணு மட்டும் எறங்காதா? தண்ணி வுட்டு இடிச்சிட்டு, இன்னும் கொஞ்சம் கொட்டுங்க. ஒரு மழ போவட்டும்."

கொத்தனார், உங்கள் தம்பி எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள். "கன மீட்டர்னா கன மீட்டர்தான். நீ போயி உன் மாவ அள." அவர்களும் சிரித்தார்கள். நான் டீ வாங்கப் போய்விட்டேன்.

அந்த மண் மேலேயே பின்பக்கச் சுவரை எழுப்பச் சொன்னீர்கள். மழையில் தரை இறங்கியது, சுவர் வாய் பிளந்தது. "கிட்ட போவாதீங்க" என்று கத்தினேன். டேப்பை எடுத்துக்கொண்டு வெடிப்பை அளக்கப் போனீர்கள். சுவர் உங்கள் மேல் சாய்ந்தது. என்ன மனிதர் நீங்கள்?

இப்போது தரையைத் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமாக மண் கொட்டி, தண்ணீர் விட்டு இடிக்கிறோம். அறுபது எங்கே போதும்? லாரி வந்துகொண்டே இருக்கிறது.

"ஏம்மா, அப்பாக்கு இது தெரியாதா?" என்று நித்யா கேட்டாள். "நான் சொன்னேன், கேக்கல" என்றேன். பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா? சொல்லிவிட்டேன்.

போன வாரம் உங்கள் தம்பி வந்தார். "அண்ணி, மழைக்கு அண்ணன் மேல போட்ட மண்ணு எறங்கிப் பள்ளமாயிடுச்சி. வூட்டுக்கு வர்ற லோடுல ரெண்டு கூடை மண்ணு எடுத்துனு போயி மேடு கட்டிடவா?"

"வேணாம். எறங்காதுன்னாரே உங்கண்ணன். படுத்துகினு பாக்கட்டும்" என்றேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் நானே போய்ப் பார்த்தேன். உங்கள் மேல் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அழுகை வந்தது. ஆனாலும் ஒரு பிடி மண் அள்ளிப் போடக் கை வரவில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கும்வரை அந்தப் பள்ளத்தை யாரும் மூட விடமாட்டேன். எனக்கும் பக்கத்திலேயே குழி தோண்டுவார்கள். அதில் என்னை வைத்து மூடியது போக மிஞ்சுகிற மண்ணை உங்கள் மேல் கொட்டச் சொல்லிவிட்டுப் போகிறேன். அதுவரை தண்ணீரில் கிடங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் பேச்சைக் கேட்காத மனைவி,
நித்யாவின் அம்மா