சூடம் எரிந்து தீரும் வரை

திருக்கோகர்ணம்,
3-3-1957

சிரஞ்சீவி ரெங்கராஜுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் இருமல் நின்றதா, கம்பளி உள்சட்டை வாங்கினாயா என்று கேட்கிறேன், அதற்குப் பதில் எழுது. கொல்லைக் கிணற்றில் இப்போதே தண்ணீர் இறங்கிவிட்டது. சின்னப்பிள்ளை அத்தை மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, நீ ஒரு வரி எழுதிப் போட்டால் சந்தோஷப்படுவார்கள்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. பகலில் மின்சாரப் படிப்பு, மாலையில் அந்த ஆபரா என்கிற பாட்டு நாடகத் தியேட்டரில் மேடைக்கு மேலே நாற்பதடி உயரத்தில் நின்று சீன் படுதாக்களைக் கயிற்றில் ஏற்றி இறக்கும் வேலை என்று நீ முதலில் எழுதியபோது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்டவர்களிடம் படிக்கிறான் என்று மட்டும் சொல்லிவந்தேன். இந்தக் கடிதத்தில், திரைக்குப் பின்னால் யாராவது விசில் அடித்தால் அங்கே உள்ள பழைய ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள், காரணம் கேட்டால் ஆகாது என்கிறார்கள், அவர்களைச் சீண்டவே தினம் ஒரு தடவை அடிக்கிறேன், லண்டனிலும் மூடநம்பிக்கைதான், நீ சிரிப்பாய் அம்மா என்று எழுதியிருக்கிறாய். ஒன்றரை மாதம் முன்னால் வந்திருந்தால் சிரித்திருப்பேன். இப்போது சிரிக்க முடியவில்லை. அதன் காரணத்தை இதுவரை உனக்கு எழுதாமல் இருந்தேன்.

ஜனவரி கடைசியில் எங்கள் பள்ளி ஆண்டு விழா. பிள்ளைகள் போட்ட பாட்டு நாடகத்துக்குத் திரையும் கயிறும் ஒரு நாடகக் காண்டிராக்டரிடம் வாடகைக்கு எடுத்தோம். திரை இழுக்க அவருடைய ஆள் பிச்சைமுத்து வந்தார். இருபது வருஷமாகக் கோயில் நாடகங்களுக்குத் திரை இழுப்பவர். நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டும், தலைமை தாங்க வந்த அதிகாரி மூன்றே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தால் பிச்சைமுத்து மேடை நடுவில் சூடம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டு, எல்லாரும் தள்ளிப் போங்க, மூணு தடவை வெறுந்திரை இழுக்கணும் என்கிறார். எனக்கு இதெல்லாம் ஆகாது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட மேடையில் பூசை வேண்டாம், சூடத்தை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள் என்றேன். அவர், டீச்சரம்மா, மூணே இழுப்பு, அப்பறம் நீங்க சொல்றபடி கேக்குறேன் என்றார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் சூடத்தைக் கையாலேயே அணைத்தார்.

இரண்டாவது காட்சி முடிந்து, அடுத்த காட்சிக்காகத் திரை மேலே போய் நின்ற நேரத்தில் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்தது. திரையின் அடியில் சுற்றியிருக்கும் உருட்டுக் கட்டை ஆள் உயரத்துக்கு மேல் நீளம். அதற்கு நேர் கீழே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றாள். பிச்சைமுத்து பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து அவளைத் தள்ளிவிட்டுக் கட்டையைத் தன் வலது கையில் வாங்கினார். பெண்ணுக்கு ஒரு கீறல் இல்லை. அவர் மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை.

பள்ளி நிர்வாகம் என்னிடம் அறிக்கை கேட்டது. திரை இழுப்பவர் கயிற்றைச் சோதித்துப் பார்க்காததால் விபத்து நேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. அவர் சோதிக்கவில்லைதானே. அவரை அவசரப்படுத்தி ஆரம்பிக்க வைத்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த அறிக்கையைக் காட்டிக் காண்டிராக்டர் அவரை நிறுத்திவிட்டார். நார்த்தாமலைத் திருவிழா நாடகத்துக்கு வேறு ஆளைப் பேசியாகிவிட்டது. கை போனாலும் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லி வேலை வாங்க அவரால் முடியும். ஆனால் கயிறு பார்க்கத் தெரியாதவன் என்று பெயரான பிறகு யார் கூப்பிடுவார்கள்? போன வாரம் அவர் மனைவி செவந்தி பள்ளிக்கே வந்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. கை போனது போனதுதாங்க, பேரையும் எதுக்கு எடுத்துக்கிட்டீங்க, நீங்க படிச்சவுக, ஒங்களுக்கு ரெண்டு வரிதானே என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உன் விசிலைப் பற்றிப் படித்த அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிச்சைமுத்துவிடம் வேறு ஒன்றும் கேட்கத் தைரியமில்லாமல், அந்தச் சூடம் எதற்கு என்று கேட்டேன். அவர் சிரித்தார். வெறுந்திரை இழுத்தாத்தானே டீச்சரம்மா கயிறு நைஞ்சிருக்கா, கப்பி மக்கர் பண்ணுதான்னு தெரியும், அதுக்கு மேடையில ஆள் இருக்கப்படாது, தள்ளி நில்லுங்கன்னா எந்த ராசபார்ட்டு கேக்குறான், சாமிக்குன்னு சூடத்தைப் பொருத்திட்டா அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் ஒருத்தனும் காலை வைக்க மாட்டான் என்றார். இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன். நீங்க கேக்கலையே என்றார். குற்றம் சாட்டுவது போலக்கூட அவர் சொல்லவில்லை.

எம்.ஏ. படித்த நான் காரணம் கேட்கவில்லை. சூடத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அங்கே விசில் ஆகாது என்பதற்கும் ஏதாவது காரணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், எனக்குத் தெரியாது. ஆகாது என்பதோடு விட்டுவிடாதே, இன்னொரு தடவை பொறுமையாகக் கேள். தெரியும்வரை அடிக்காதே. நீ நிற்பது நாற்பதடி உயரத்தில், உனக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.

நேற்று புது அறிக்கை எழுதினேன். சோதிக்க வந்தவரைத் தடுத்தது நான் என்று எழுதி, காண்டிராக்டருக்கும் ஒரு நகல் எழுதி வைத்தேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காததை எதற்குக் கிளறுகிறாய், உன் வேலை போய்விடும் என்றார். போகலாம். நிர்வாகத்தில் சிலருக்கு என்னைக் கண்டால் முன்பே ஆகாது. அப்பா இரண்டு வேளையாக என்னோடு பேசவில்லை, ஆனால் இன்று காலை நகலைத் தபாலில் சேர்த்தது அவர்தான். பள்ளிக்கு உரியதை நாளை காலை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. மேலே ஏறும்போது அவசரப்படாதே. நீ நீண்ட ஆயுளோடும் முழுசான கைகால்களோடும் இருக்க வேண்டும், வேறு ஆசீர்வாதம் எனக்கு இப்போது தோன்றவில்லை. ஒன்று மறக்காதே, தபால் சீக்கிரம் கிடைக்கும் என்று இதுவரை பள்ளி விலாசத்துக்கு எழுதிவந்தாய். இனிமேல் வீட்டு விலாசத்துக்கே எழுது.

அன்புள்ள அம்மா,
பிரகதாம்பாள்