காட்டுக் கட்டுரையில் நான் எழுதாமல் விட்ட பத்தி

தோர்ண்டன் ஹீத், லண்டன்
1991 ஆனி, வியாழக்கிழமை

என் அன்பு சாந்தா மச்சாளுக்கு,

நீர் போய் நாலு மாதமாகிறது. இத்தனை நாளும் எழுதாதவளுக்கு இப்போது மட்டும் என்ன அவசரம் என்று கேட்பீர். அவசரம்தான். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பல்கலைக்கழகத்தில் எனக்கு நேர்முகம். அது நடக்குமா நடக்காதா என்பதே இன்றைக்கு எனக்குத் தெரியாது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்று ஒரு பிளவுஸுக்கு இடக்கையை வலப்பக்கத்தில் தைத்துவிட்டு, பிரித்து, திரும்பவும் அதே பக்கத்தில் தைத்தேன்.

இந்தக் கடிதம் மற்றவர்கள் கண்ணிலும் படட்டும் என்று நினைக்கிறேன். அதனால் உமக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளும். நீர் என் வீட்டுக்காரர், இவருடைய தங்கை. ஊரில் தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். எண்பத்தைந்தில் எங்களோடு இங்கே வந்து, முன் அறையில் என் தையல் மெஷினுக்கு எதிரே உம்முடைய மெஷினைப் போட்டவர். தொழிற்சாலை வான் வெட்டிய துணியைக் கொண்டுவந்து இறக்கும், நாம் இருவரும் தைத்துக் கொடுப்போம்.

பல்கலைக்கழகம் போக விரும்பும் வளர்ந்தவர்களுக்குப் புதன்கிழமை பின்னேரம் இலக்கிய வகுப்பு என்ற விளம்பரத்தை நூலகத்தில் கண்டவர் நீர்தான். "வாரும் மச்சாள், போய்ப் பாப்பம். துரத்தினால் திரும்பி வருவம்" என்றீர். எனக்கு உள்ளுக்குள் பெரிய ஆசை இருந்தது. இந்த மெஷினை விட்டு எழும்பி ஒருநாள் வகுப்பறையில் நின்று பாடம் சொல்லவேண்டும் என்ற ஆசை. அதை உமக்கு மட்டும்தான் சொன்னேன்.

நமக்கு ஒரு முறை இருந்தது. நீர் ஆங்கிலம் நன்றாக வாசிப்பீர், எழுதச் சொன்னால் பேனையை என் பக்கம் தள்ளிவிடுவீர். நான் பிழையில்லாமல் எழுதுவேன், சொந்தமாக ஒரு யோசனை வராது. ஆகவே ஒருவர் தைக்க மற்றவர் வாசிப்பது, வாசித்ததைப் பற்றி நீர் தமிழில் கதைப்பது, அதை நான் ஆங்கிலத்தில் எழுதுவது. ஒரு கட்டுரை உம்முடைய பெயரில் போகும், அடுத்தது என் பெயரில். 'தனியாகச் செய்தது' என்று இரண்டிலும் கையெழுத்து வைப்போம். அது பிழை என்று நமக்குத் தோன்றவே இல்லை. ஒரு வீட்டில் வைத்த கறியில் உப்புப் போட்டது யார், புளி விட்டது யார் என்று யாராவது விசாரிப்பார்களா?

அமெரிக்க இலக்கியத்தின் தொடக்கம் என்று பாடம் வந்தபோது எனக்குச் சலிப்பு. உமக்கோ கொண்டாட்டம். விடுதலை வாங்கிய புது நாடு, அதுவரை பிரசங்கமும் அரசியல் துண்டுப் பிரசுரமும் எழுதிய கைகள் என்று வகுப்பெடுத்த மிஸ் விளக்கினா. அறிவு ஒன்றே போதும் என்று நம்பிய தலைமுறைக்குப் பிறகு வந்தவர்கள் மனம் சொல்வதைக் கேட்கத் தொடங்கினார்களாம். கற்பனை, கனவு, ஆறு, மலை, தனி மனிதனின் உள்ளம் என்று எழுதினார்களாம். ஐரோப்பாவிலிருந்து வீசிய காற்றுத்தான். ஆனால் ஐரோப்பாவில் இடிந்த கோட்டைகள் இருந்தன, ஆவிகள் அங்கே குடியிருந்தன. புது நாட்டில் கோட்டைக்கு எங்கே போவது? ஆவிகளைக் காட்டுக்கும் ஆற்றங்கரைக்கும் அனுப்பிவிட்டார்கள்.

"பாவம், பேயும் எங்களை மாதிரி வீடு மாறித்தான் வந்திருக்கு" என்று நீர் சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் ஊசி முறிந்தது.

பிறகு மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னீர். "இஞ்சை பாரும் மச்சாள். அமெரிக்காவுக்கு முதல் வந்தவை காட்டைக் கண்டு செபம் சொல்லிச்சினம். அதுக்குள்ள பிசாசு இருக்கெண்டு நம்பிச்சினம். அவையின்ர பேரப்பிள்ளையள், காட்டை வெட்டி ஊரைக் கட்டினாப் பிறகு, கதிரையில இருந்துகொண்டு அதே காட்டைப் பாடுகினம். பயம் போனாத்தான் ஆசை வரும் போல."

"அப்ப நாங்களும் ஒருநாள் இந்தக் குரொய்டன் மழையைப் பாடுவம் எண்டுறீரோ?"

"நாங்கள் பாடமாட்டம். எங்களுக்கு இன்னும் பயம் போகேல்லை."

போன வருஷம் ஐப்பசியில்தான் ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது. நம்முடைய பின்தெரு முஸ்லிம் சனங்களை, கையில் கொண்டுபோகக்கூடியதோடு, சில மணித்தியாலத்துக்குள், ஆயுதத்தோடு வந்த நம்முடைய இயக்கத்துப் பெடியள் வெளியேறச் சொன்ன செய்தி. தபால் கந்தோரில் பக்கத்து மேசையில் இருந்து உம்மோடு முத்திரை விற்ற மனிதரும் அதில் ஒருவர். றஹீம் அண்ணை என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரை இங்கே எழுதமாட்டேன். அன்றைக்கு நீர் ஒரு துணியும் தைக்கவில்லை. இவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர். "அண்ணை, நாங்கள் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" இவர் பத்திரிகையை மடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மாசி மாதம் உம்மை ஆசுப்பத்திரியில் வைத்தார்கள். அந்தத் தவணைக் கட்டுரை உம்முடைய முறை. நீர் சும்மா இருப்பீரா? ஊரில் இருக்கும் உம்முடைய அம்மாவுக்கு, என் மாமிக்குக் குரல் பதிந்து அனுப்புகிற கசெற் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, கட்டிலில் கிடந்தபடியே கட்டுரை முழுவதையும் தமிழில் சொல்லி வைத்தீர். நடுவில் இருமல், நடுவில் தாதியின் குரல், நடுவில் 'மச்சாள், இந்த இடத்தில உம்மட சீனியைப் போடாதையும்' என்ற அதட்டல். எட்டாம் நாள் நீர் இல்லை.

அந்தக் கசெற்றின் கடைசியில் நீர் சொன்னது எனக்குப் பாடமாகிவிட்டது. "மச்சாள், இது கடைசிப் பத்தி. வடிவா எழுதும். அந்தக் காட்டில ஏற்கெனவே சனம் இருந்தது. அவையைக் கலைச்சுத் துரத்திப்போட்டு, பிறகு அவையைப் பற்றி எவ்வளவு வடிவா எழுதியிருக்கினம். வாசிக்க எனக்கே கண்ணீர் வந்தது. கலைச்சவனே ஒப்பாரியும் வைச்சால் கலைபட்டவன் எங்க போய் அழுறது? நாங்களும் நாளைக்கு றஹீம் அண்ணையாக்களைப் பற்றி இப்பிடித்தான் எழுதுவம். எவ்வளவு நல்ல சனம் எண்டு. அவையின்ர வீட்டுக்குள்ள இருந்துகொண்டே எழுதுவம்."

மச்சாள், அதை நான் எழுதவில்லை.

பயந்துவிட்டேன். கட்டுரைக்கு இது தேவையில்லை என்று எனக்கே சமாதானம் சொன்னேன். வகுப்பில் இன்னும் இரண்டு நம்முடைய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தால் கோயிலில், கடையில், எங்கே முகம் கொடுப்பது? மனிதனும் இயற்கையும் என்று நாலு இனிப்பான வரி எழுதி மூடினேன். அதோடு விட்டேனா? என் பெயரில் கொடுக்க வேறு கட்டுரை இல்லை. நீர் போன துக்கத்தில் ஒரு வரி எழுத வரவில்லை. மேலே என் பெயரை எழுதி, தனியாகச் செய்தது என்று கையெழுத்தும் வைத்தேன். அந்த முறை கை கூசியது, ஆனாலும் வைத்தேன்.

மிஸ் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தா. காட்டுக்குப் பயந்தவர்களும் காட்டைப் பாடியவர்களும் என்று நீர் பிரித்துக் காட்டிய இடத்தைத் தான் எங்கும் வாசித்ததில்லை என்றா. பல்கலைக்கழகத்துக்குத் தானே கடிதம் எழுதினா. கட்டுரையை அவர்களுக்கு அனுப்பி, அதைப் பற்றியே கேட்பார்கள் என்று சொன்னா. நான் 'தாங்க்யூ' சொன்னேன். வேறு என்ன சொல்லியிருக்கவேண்டும்?

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. நம் வீட்டு வழக்கம் உமக்குத் தெரியும்: ரேடியோப் பெட்டிக்கு மேலே உம்முடைய குரல் பதிந்த கசெற் இருந்தால் அது மாமிக்குப் போகவேண்டியது. இவர் அதை எடுத்து அரை நிமிடம் கேட்டு, தாங்க ஏலாமல் நிறுத்திவிட்டு, தங்கச்சி தாய்க்குக் கடைசியாகச் சொன்னது என்று நினைத்து, மாமியின் மருந்தோடு கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது விமானம் போய்விட்டது. அதில் என்ன இருக்கிறதென்று சொன்னேன். இவருக்கு முகம் வெளுத்தது. அந்தப் பேச்சை அங்கே யாராவது கேட்டால்? மாமி தனிய இருக்கிற மனிசி. தபால்காரன் கடந்துபோகும் ஒவ்வொரு காலையும் நான் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

போன கிழமை கடிதம் வந்தது. அந்தப் பெயரை மட்டும் மாற்றி அப்படியே எழுதுகிறேன்.

"பவானிப் பிள்ளைக்கு. கசெற் கிடைச்சது. இஞ்சை பற்றரி இல்லை. சைக்கிளை நிப்பாட்டி டைனமோவில போட்டு, அயல்பெண்டுகள் மாறி மாறி மிதிக்கக் கேட்டம். சாந்தாவின்ர குரல் ஒருக்கா இழுபட்டுது, ஒருக்கா ஓடிச்சுது. காடு, பேய் எண்டு என்னவோ சொல்லுறாள், எனக்கு விளங்கேல்லை. றஹீமின்ர பேர் வந்த உடன காணும், போதும் எண்டு நிப்பாட்டிப்போட்டன். எல்லாரும் போனாப் பிறகு கதவைச் சாத்தி, கையால பெடலைச் சுத்திச் சுத்தித் தனியக் கேட்டன். பிறகு கசெற்றை எரிச்சுப்போட்டன், நீங்கள் பயப்பிடாதேங்கோ. பிள்ளை உன்னை எழுதச் சொல்லுறாள். எழுதினனியோ? எழுதினதெண்டால் ஒரு சொல் போடு. விபரம் வேண்டாம்."

மகளின் கடைசிக் குரலைத் தன் கையாலேயே எரித்த மனிசிக்கு நான் என்ன பதில் எழுதுவது, மச்சாள்? இல்லை மாமி, அதை விட்டுவிட்டு மற்றதுக்கு என் பெயரைப் போட்டேன் என்றா?

இவரிடம் சொன்னேன், நான் மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று. "உமக்கென்ன விசரே? இன்னும் ஒரு கிழமை. நேர்முகம் முடியட்டும். சாந்தா உமக்குத்தானே சொல்லித் தந்தவள், களவோ அது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்தி, "மற்ற விசயத்தைக் கிளறாதையும். இஞ்சையும் ஆக்கள் இருக்கினம்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு ஊரில் இருப்பது தாய்.

நேற்று வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். தையல் மெஷின், கசெற், இரண்டு பெயர், எல்லாம் சொன்னேன். அழக்கூடாது என்று போனவள் அழுதுகொண்டே சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பையிலிருந்து கட்டுரையின் பிரதியை எடுத்தா.

"பல்கலைக்கழகத்துக்கு இதை நான் எழுதியாகவேண்டும்" என்றா. "அவர்கள் உன்னைக் கூப்பிடலாம். கூப்பிடாமலும் விடலாம். எனக்குத் தெரியாது."

பிறகு கட்டுரையை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டா. "அப்படியானால் இதில் உன்னுடையது எது?"

எவ்வளவு யோசித்தும் என் வாயில் ஒன்றுதான் வந்தது. "இதில் இல்லாததுதான் என்னுடையது. அவள் சொன்னதை எழுதப் பயந்தது நான்."

அது என்ன என்று கேட்டா. நீர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். மிஸ் என்னை இருக்கச் சொல்லி, தண்ணீர் கொண்டுவந்து தந்தா. "திங்கட்கிழமைக்குள் அந்தப் பத்தியை எழுதிக் கொண்டுவா. இருவர் பெயரையும் போடு. உனக்கு அது உதவும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்" என்றா.

இன்று காலையிலிருந்து துணி அப்படியே கிடக்கிறது. மெஷின் மேசையில் கடுதாசியை வைத்து எழுதுகிறேன், வெட்டுகிறேன். நீர் சொன்னது சில வசனம்தான். ஆனால் நீர் சொல்லாத ஒன்றும் அதற்குள் வந்து நிற்கிறது. அந்தச் செய்தி வந்த நாளில் அடுப்பைப் பார்க்கப் போனேனே, அங்கே அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை. கலைத்தவர்களின் கணக்கில் நான் சேர்த்தியா இல்லையா? உம்மிடம் கேட்டால் சட்டென்று பதில் வரும். அந்தக் கேள்வியையும் எழுதத்தான் வேண்டும் போலிருக்கிறது. ஒப்பாரி என்பதற்கு ஆங்கிலத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, ஒப்பாரி என்றே போட்டிருக்கிறேன். மிஸ் கேட்டால் விளக்கம் சொல்வேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் போன் அடிக்கவில்லை. அடித்தாலும் எடுக்கப் பயமாக இருக்கிறது. வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும் ஆசை எனக்கு இன்னும் போகவில்லை மச்சாள், அது போய்விட்டது என்று பெரிய மனிசி மாதிரிப் பொய் சொல்லமாட்டேன். செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிடவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவர்கள் கூப்பிட்டாலும் விட்டாலும், திங்கட்கிழமை அந்தப் பத்தி மிஸ்ஸின் மேசையில் இருக்கும். மேலே உம்முடைய பெயர், கீழே என்னுடையது. அதைக் கொடுத்துவிட்டு நேரே தபால் கந்தோருக்குப் போவேன். மாமி கேட்ட ஒரு சொல்லை அதற்கு ஒரு நிமிடம் முந்தியும் எழுதமாட்டேன்: 'எழுதிவிட்டேன்.'

உம்முடைய அண்ணன் பெண்சாதி,
நீர் சொல்லச் சொல்ல எழுதிய மச்சாள்,
பவானி