மிலிடரி ரேடியேட்டரும் இரண்டு பிடி மஞ்சளும்

மே 5, 1952. திங்கள்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. கத்திரி தொடங்கிவிட்டது. கடற்காற்று மத்தியானத்துக்கு முன் வராது.

கொதிப்பு நிற்கப் பெரிய ரேடியேட்டர் மாட்டுவதற்காகக் காலையில் காரின் அளவுகள் எடுத்தேன். இப்போதுள்ள ரேடியேட்டர் உயரம் பதினெட்டரை அங்குலம், அகலம் பதினாறு. மெக்கானிக் காதர் பாய் பார்த்து வைத்திருக்கும் மிலிடரி லாரி ரேடியேட்டர் இருபத்திரண்டு, பத்தொன்பது. தடிமனும் அதிகம், தண்ணீர் ஏறக்குறைய இரு மடங்கு பிடிக்கும். இரு மடங்கு தண்ணீர் கொதிக்க இரு மடங்கு நேரம். இன்டர்மீடியட்டில் படித்த பௌதிகம் அவ்வளவு சொல்லும். காதர் பாய்க்கு அது தெரியாது, ஆனாலும் அதையேதான் சொல்கிறார். எப்படி?

அடுத்த வாரம் வியாழன் எண்ணூரில் மகள் வசந்தாவுக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். அன்றே பிரசவத்துக்கு இங்கே ராயபுரத்துக்கு அழைத்து வர வேண்டும். காரில்தான் அழைத்து வருவேன் என்று சம்பந்திக்கு எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

குடைக்கம்பி ஒன்று முறிந்துவிட்டது. ரேஷன் அரிசியில் பாதி கல்.

மே 7, புதன்

ஆபீசுக்கு அரை நாள் லீவு. சீனிவாசன் கையெழுத்துப் போடுமுன் கடிகாரத்தைப் பார்த்தான். அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டியது. சீமைக்குத் திரும்பிப் போகும்போது ஆபீஸ் வெள்ளைக்காரத் துரை எனக்குக் காரைக் கொடுத்தான், அவனுக்கு நாற்காலியைக் கொடுத்தான். காருக்கு அப்போதே பதின்மூன்று வயசு.

டோல்கேட் பக்கம் காதர் பாய் கொட்டகை. லாரி ரேடியேட்டரைக் காரின் முன் நிறுத்திவிட்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார் இது. ஆட்டுக்கு எருமைத் தலைய மாட்டச் சொல்றீங்கோ.”

“மாட்ட முடியுமா, முடியாதா?”

“மாட்டலாம். ஆடு நடக்குமான்னு அப்பால பாக்கலாம்.”

ரேடியேட்டர் உட்காரும் இரும்புச் சட்டத்தை அறுத்து மூன்று விரல் முன்னால் தள்ளினார். மேல் குழாய் பொருந்தவில்லை. எஞ்சின் வாய் ஒன்றரை அங்குலம், ரேடியேட்டர் கழுத்து இரண்டு. சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றிக் கனமாக்கிக் கம்பி கட்டினார். பானெட் மூடவில்லை. தோல் வார் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறது, பல்வலிக்காரன் தாடையில் துணி கட்டினாற்போல. பழைய மூடியில் சூடு காட்டும் முள் இருந்தது. இந்த வாய்க்கு அந்த மூடி சேராது. முள் இல்லாத பித்தளை மூடி போட்டார்.

“சூடு எப்படித் தெரியும், பாய்?”

“கொதிச்சா தெரியும் சார்.”

கீழ்க் கழுத்தில் ஒரு சொட்டு. எண்ணினேன், நிமிஷத்துக்கு ஆறு. ஈயம் பற்றவைக்கும் ஊது விளக்கை யாரோ தோஸ்து வாங்கிப் போயிருக்கிறானாம். “ஞாயித்துக்கெளம எத்துக்கினு வாங்கோ, ஈயம் வெச்சித் தர்றேன். அதுவரிக்கும் உள்ளாற ஒண்ணியும் போட்றாதீங்கோ.” ஒரு சொட்டை விட்டு வைத்தால் ஆள் திரும்பி வருவான். எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலை.

மே 8, வியாழன்

சம்பந்தியிடமிருந்து கார்டு. மூன்றே வரி. வளைகாப்பு பத்தரைக்கு. சாப்பாடு அவர்கள் பொறுப்பு. “தங்கள் கார் விஷயம் யோசிக்கவும், போன தடவை மாதிரி ஆக வேண்டாம்.”

போன தடவை. இரண்டு சொல்லில் எழுதிவிட்டார்.

இரண்டு வருஷம் ஆகிறது. ஆனி மாதம். வசந்தாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். எண்ணூரிலிருந்து அழைத்து வரும்போது திருவொற்றியூருக்கு முன் கார் கொதித்து நின்றது. நிழல் இல்லை. தண்ணீர் தேடிக் கொண்டுவர ஒன்றரை மணி நேரம். அவள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாள் கலைந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். சம்பந்தியும் ‘ஆமாம், சம்பந்தம் இல்லை’ என்றுதான் சொன்னார். சொன்ன விதம்.

வசந்தாதான் காரில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள் என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். சொன்னாளா? “எதுல போறோம்பா?” என்று கேட்டாள். அது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏதாவது சொன்னாளா என்பது இப்போது தெளிவாக இல்லை. சொன்னாள் என்று பல தடவை சொன்னதில் சொன்ன மாதிரியே இருக்கிறது.

சாயங்காலம் சொட்டு நிமிஷத்துக்குப் பத்து. ஞாயிறு வரை காத்திருக்க முடியாது. துறைமுக டாக்சிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதானே, ஒரு பிடி மஞ்சள் தூள். ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பழைய ரேடியேட்டருக்கு நானே எத்தனை தடவை போட்டிருக்கிறேன். இது இரு மடங்கு பெரியது, எனவே இரண்டு பிடி. என் மனைவி சாரதா கோயிலுக்குப் போயிருந்தாள். அஞ்சறைப் பெட்டியில் இருந்தது போதவில்லை, டப்பாவிலிருந்து எடுத்தேன்.

அரை மணியில் சொட்டு நின்றது. மெக்கானிக் வேண்டியதில்லை.

மே 10, சனி

சோதனை ஓட்டம். ஒன்றும் புரியவில்லை.

தண்டையார்பேட்டை வரை நன்றாகப் போயிற்று. திருவொற்றியூர் தாண்டினதும் ஒரு வாசனை. காத்திவாக்கத்துக்கு இந்தப் பக்கம் மூடியைச் சுற்றி ஆவி. பழைய சிறிய ரேடியேட்டரே இவ்வளவு சீக்கிரம் கொதித்ததில்லை. ஓரமாக நிறுத்தினேன். வலை பின்னிக்கொண்டிருந்த இருவர் எழுந்து வந்தார்கள்.

“இன்னா நைனா, வண்டி பீடி பிடிக்குதா?”

“தண்ணீர் கிடைக்குமா?”

பெரியவர் கடலைக் கை காட்டினார். “எத்தினி கொடம் வோணும்?”

இருவரும் சிரித்தார்கள். ஆனால் சின்னவர்தான் போய் ஒரு தோண்டி நல்ல தண்ணீர் கொண்டுவந்தார். மூடியைத் திறக்க விடாமல் கையைப் பிடித்துக்கொண்டார். “ஆறட்டும், மூஞ்சி வெந்துரும்.” நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

காரணம் என்னவாக இருக்கும்:
1. விசிறி மூன்று விரல் தள்ளிப் போய்விட்டது, காற்று இழுக்கவில்லை.
2. சைக்கிள் டியூப் உள்பக்கம் மடங்கி வழியை மறிக்கிறது.
3. லாரி ரேடியேட்டரே கெட்டது. காதர் பாய் என் தலையில் கட்டிவிட்டார்.
4. பானெட் சரியாக மூடாததால் ஏதோ.

மூன்றாவதுதான். சொட்டு மட்டும் திரும்ப வரவில்லை. மொத்த வண்டியிலும் நான் கை வைத்த இடம் ஒன்றுதான் சரியாக இருக்கிறது.

இன்னும் ஐந்து நாள்.

மே 11, ஞாயிறு

காலையிலேயே கொட்டகைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். மிலிடரிக்காரன் குப்பையில் போட்டதை எனக்கு விற்றீர் என்றேன். காதர் பாய் குனிந்து கீழ்த் திருகைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். கொழகொழவென்று மஞ்சள் சேறு, அவர் கை முழுக்க.

முகர்ந்து பார்த்தார். பக்கத்துக் கொட்டகை டயர்காரனைக் கூப்பிட்டார்.

“மாமு, இங்க வந்து பாரு. சாரு வண்டில சாம்பார் வெச்சிக்கீறாரு.”

“பருப்பு எங்க பாய்?”

“பருப்பு எஞ்சினாண்ட கீது போல.”

தெருவில் போனவர்கள் இருவர் நின்றார்கள். காதர் பாய் என்னைப் பார்த்தார். “யாரு சார் போட்டது?”

நான் சொன்னேன்: “வீட்டில் போட்டிருப்பார்கள். புது சாமான் வந்தால் மஞ்சள் நீர் தெளிப்பது பழக்கம்.”

யோசிக்கவே இல்லை. வாய் திறந்தது, வந்துவிட்டது.

உடனே அவர் குரல் மாறிவிட்டது. “அட, பொம்பளைங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்கோ. ஒண்ணியும் கேக்காதீங்கோ சார் அவங்கள.” ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தினார். பிறகு அவர் சொன்னதை எழுதிவைக்கிறேன். பழைய ரேடியேட்டரையும் நேற்றே அறுத்துப் பார்த்தாராம். “அதுல கூட இதே கதை சார். பாதிக் குழாய் மஞ்சளா அடைச்சிக் கீது. ரேடியேட்டர் சின்னதுன்னு இல்ல, அடைச்சதாலதான் இத்தினி நாளா கொதிச்சிது.”

அப்படியானால் பெரிய ரேடியேட்டரே தேவைப்படவில்லையா? கேட்டேன். “மொதல்லயே அறுத்துப் பாத்திருந்தா தேவைப்பட்ருக்காது” என்றார்.

போன தடவையும்.

வழியெல்லாம் அந்த இரண்டு சொல்லையே சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த ஆனி மாதம் எண்ணூருக்குப் புறப்படும் முன்பும் ஒரு பிடி போட்டேன். போட்டேன் என்றுதான் நினைக்கிறேன். போட்டேன்.

மே 13, செவ்வாய்

பல் வலி. கிராம்புத் தைலம்.

ஆபீசிலிருந்து வந்து உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தேன். காதர் பாய் காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டார். அவர் குரல் கேட்டது.

“அம்மா, கோச்சிக்காதீங்கோ. மஞ்சள் கொழம்புல போடுங்கோ, வண்டில போடாதீங்கோ. ஒரு பொட்டு வெச்சா போதும், வண்டிக்கு.”

நான் சொம்பைக் கீழே வைக்காமல் நின்றேன்.

“சரி பாய்” என்றாள் சாரதா. “தெரியாம போட்டுட்டேன்.”

உள்ளே வந்தாள். அடுப்பில் பாலை இறக்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். சாப்பிடும்போது நானே கேட்டேன்.

“ஏன் ஆமாம்னு சொன்னே?”

“அந்த மனுஷர் எதிர்ல உங்களைப் பொய்யராக்கணுமா? டப்பா காலியாயிருந்ததை வெள்ளிக்கிழமையே பார்த்தேன்.” மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “வசந்தா பிடிவாதம் பிடிச்சான்னு நீங்க சொன்னப்பவும் ஆமாம்னுதான் சொன்னேன்.”

இருபத்தாறு வருஷம் இவளோடு. இவள் என்னைக் காப்பாற்றுகிறாளா, கணக்கு வைத்திருக்கிறாளா? கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. சம்பந்தி மேல் திருப்பிப் பார்த்தேன், நிற்கவில்லை. சீனிவாசன் மேலும் நிற்கவில்லை.

மே 14, புதன்

எண்ணூர் வரை தனியாகப் போய்த் திரும்பினேன். பட்டப்பகல், உச்சி வெயில். கொதிக்கவில்லை. இரண்டு இடத்தில் நிறுத்தி ரேடியேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், பத்து எண்ணும் வரை தாங்க முடிந்தது. காதர் பாய் ஈயம் வைத்த இடத்தில் சொட்டு இல்லை.

சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எடுத்துப் போக வேண்டியவை: வளையல் நான்கு டஜன், சந்தனம், பூ (காலையில்), பழம், ஐந்து வகைச் சாதம் சாரதா பொறுப்பு, தலையணை இரண்டு பின்சீட்டுக்கு, தண்ணீர் டின்.

மே 15, வியாழன்

போகும்போது தடங்கல் இல்லை. சம்பந்தி வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். “மூக்கு பெருசாயிடுச்சே சம்பந்தி.” “லாரியோடது” என்றேன். “நல்லதுதான்” என்றார், நல்லபடியாகவே. சண்டைக்குத் தயாராகப் போனவனுக்கு அது பெரிய ஏமாற்றம். வசந்தாவை அழைத்துப் போவது பற்றிக் கேட்டதற்கு, “நான் ஒண்ணும் சொல்லலை. பொண்ணு எப்படிச் சொல்லுதோ அப்படி” என்று முடித்துவிட்டார்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. வசந்தா மெலிந்திருக்கிறாள், வயிறு மட்டும் பெரிது. ராகுகாலம் மூன்றுக்கு முடிகிறது, பிறகு கிளம்பலாம் என்றார்கள். கைகழுவக் கிணற்றடிக்குப் போனேன், அவளும் வந்தாள். தண்ணீர் ஊற்றினாள். கையெல்லாம் வளையல் சத்தம்.

சொல்ல வேண்டும் என்று போகவில்லை. சொன்னேன். “வசந்தா, அன்னிக்கு ரேடியேட்டர் அடைச்சிருந்தது. நான் போட்ட மஞ்சளாலே. வண்டி சரியில்லைன்னு தெரிஞ்சுதான் உன்னை ஏத்தினேன். நீ பிடிவாதம் பிடிக்கலை.”

“தெரியும்பா.”

“எப்படி?”

“அன்னிக்கு ஆவியிலேயே மஞ்சள் வாசனை. ஒன்றரை மணி நேரம் அதுலதானே உக்காந்திருந்தேன்.”

சொம்பைக் கிணற்று மேடையில் வைத்தாள். கோபம் இல்லை, அழவும் இல்லை. எனக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

“இப்போ சரியா ஓடுதும்மா. நேத்து வந்து பார்த்தேன். கையை வெச்சுப் பார்த்தேன்.”

“ஓடும்பா. நான் பஸ்ஸுல வர்றேன். நீங்க பின்னாடி வாங்க.”

மூன்றேகால் பஸ். அவளும் சாரதாவும் பெண்கள் சீட்டில். தலையணை இரண்டும் என் பின்சீட்டில். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, நானும் நின்றேன். புழுதி முழுவதும் எனக்கு. கார் இதைவிட மெத்தென்று போகும், பள்ளத்தில் பஸ் தூக்கிப் போடும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். ஹார்ன் அடித்து நிறுத்திவிடலாமா என்று இரண்டு தடவை தோன்றியது.

திருவொற்றியூரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. இறங்கிப் போய் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். வசந்தா எட்டிப் பார்த்தாள்.

“கொதிக்குதாப்பா?”

“இல்லை.”

“சரி” என்றாள். இறங்கவில்லை. சாரதா எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தான். ஓடிப்போய்க் காரைக் கிளப்பினேன், பஸ்ஸுக்குப் பின்னால்.